காப்பும் காப்புறுதியும்: சிறு கார்களைப் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் 'காப்பு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நூலின் முகப்பில் அமையும் வணக்கச் செய்யுளும் காப்பு. குழந்தையின் கையில் இடும் வளையும் காப்பு. வேலியும் காவலும் காப்பே. மலேசியத் தமிழர் 'இன்ஷூரன்ஸ்' என்பதற்கு வழங்கும் 'காப்புறுதி' என்னும் சொல்லும் இதனடியாகப் பிறந்ததே. ஆனால் கார்க் காப்புறுதி உறுதியளிப்பது எதற்கு? வண்டிக்குள் அமர்ந்திருக்கும் உயிருக்கா? வண்டிக்காகச் செலவிட்ட பணத்திற்கா? இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். சிறு காருக்குக் கட்டணம் குறைவாயிருத்தலால் அதில் ஆபத்தும் குறைவு போலும் என்று எண்ணுவாரும் உளர். இவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சருகுமான் சாலைக்கு வந்தது

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. நாட்டின் சொந்தத் தயாரிப்பான புரோட்டோன் சாகா கார் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குக் காரை எட்டும் பொருளாக்கியது 1993-இல் தொடங்கப்பெற்ற பெரோடுவா நிறுவனமே. அது 1994-இல் 'கஞ்சில்' என்னும் சிறு காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. கஞ்சில் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சருகுமான் என்பது பொருள். 660 சி.சி. இயந்திரம் பூண்ட அச்சிறு வண்டிக்குப் பெயர் பொருத்தமானதே.

மோட்டார் சைக்கிளில் தந்தையும் தாயும் இடையே ஒரு குழந்தையுமாகச் சென்ற குடும்பங்கள் பல இத்தகைய கார்களுக்கு மாறின. மலேசியச் சாலை மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. ஆதலின் இரு சக்கரத்தினின்று நான்கு சக்கரத்திற்கு மாறியது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. இதனை மறந்து சிறு காரைப் பழிப்பது முறையன்று.

எனினும் சருகுமான் தனியே திரியும் காடு அன்று சாலை. தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே கார்களை ஏற்றிச் சென்ற படகுச் சேவை, 2021 முதல் நான்கு சக்கர வண்டிகளை ஏற்பதில்லை. கார் வைத்திருப்போருக்கு இனிப் பாலங்களே வழி. அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்திற்கும் சென்று வரும் பெரிய லாரிகளோடும் கனத்த கார்களோடும் சிறு கார் ஓட வேண்டியிருக்கிறது.

எடை காட்டும் கணக்கு

800 கிலோ எடையுள்ள சிறு காரும் 1,600 கிலோ எடையுள்ள பெரிய காரும் எதிரெதிரே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன எனக் கொள்வோம். உந்த விதியின்படி இரண்டும் சேர்ந்து பெரிய கார் சென்ற திசையிலேயே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய கார் 50-இலிருந்து 17-க்குக் குறைகிறது. அதன் வேக மாற்றம் 33. சிறு காரோ 50-இலிருந்து சுழியத்திற்கு வந்து, பின்னும் 17 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதன் வேக மாற்றம் 67. வேக மாற்றம் இரு மடங்காயின், உள்ளிருப்போர் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் 1959-இல் நிறுவிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம், 2009-இல் மூன்று சிறு கார்களை அவற்றின் நிறுவனங்களே செய்த நடுத்தரக் கார்களோடு நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. டொயோட்டா யாரிஸ் கேம்ரியோடும், மலேசியாவில் ஜாஸ் எனப்படும் ஹோண்டா ஃபிட் அக்கார்டோடும், ஸ்மார்ட் என்னும் மிகச் சிறு கார் மெர்சிடிஸ் சி வகையோடும் மோதின. ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு 64 கிலோமீட்டர். அம்மூன்று சிறு கார்களும் அதற்கு முன் தடுப்புச் சுவரில் மோதிய தேர்வில் 'நன்று' எனப் பெயர் பெற்றவை. பெரிய காரோடு மோதியபோது மூன்றும் 'தாழ்வு' என்னும் மதிப்பையே பெற்றன.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. தடுப்புச் சுவரில் மோதும் தேர்வு, ஏறத்தாழத் தன்னையொத்த எடையுள்ள வண்டியோடு மோதுவதற்கே ஒப்பாகும். ஆகவே நட்சத்திர மதிப்பைக் கொண்டு ஒரு சிறு காரை மற்றொரு சிறு காரோடு ஒப்பிடலாம். ஐந்து நட்சத்திரச் சிறு கார் ஐந்து நட்சத்திரப் பெருங்காருக்கு நிகர் என முடிவு செய்தல் ஆகாது.

கூடும் பையும்

அவ்வாறாயின் சிறு கார்கள் அனைத்தும் ஒரு தரத்தனவோ எனின், அல்ல. உள்ளிருப்போரைக் காப்பவை முதன்மையாக மூன்று: நசுங்காத கூடு, இருக்கை வார், காற்றுப்பை. மோதலில் காரின் முன்பகுதி நசுங்கி ஆற்றலை விழுங்க வேண்டும். மனிதர் இருக்கும் கூடு நசுங்கலாகாது. வார் உடலைக் கூட்டோடு பிணைக்கும். பை தலையையும் மார்பையும் ஏந்தும். மூன்றும் ஒன்றுக்கொன்று துணை.

2014-ஆம் ஆண்டு சனவரியில் உலகப் புதுக்கார் மதிப்பீட்டு அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளைச் சோதித்தது. மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்ட் ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஆனால் இவற்றுள் போலோவின் கூடு நிலைகுலையாது நின்றது, இல்லாதது காற்றுப்பையே. இரண்டு பைகள் பொருத்திய போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. கூடே வலுவற்ற வண்டிக்கோ பை மட்டும் போதாது.

மலேசியாவில் இப்பணியைச் செய்வது 2011-இல் தொடங்கிய ஆசியான் புதுக்கார் மதிப்பீட்டுத் திட்டம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகப்பில் 40 விழுக்காடு தடுப்பில் படுமாறு மோதச் செய்து அது தரம் பிரிக்கிறது. கஞ்சில் முதலில் வந்தபோது அதில் காற்றுப்பை இல்லை. 2014-இல் வந்த அக்சியா இரண்டு பைகளோடு நான்கு நட்சத்திரம் பெற்றது. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி ஐந்து பெற்றது. இடையே 2016-இல் வந்த பெஸ்ஸா ஒரு பாடம் புகட்டுகிறது. வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் கருவி அமைந்த உயர்வகை பெஸ்ஸாவுக்கு ஐந்து நட்சத்திரம். அக்கருவி இல்லாத பெஸ்ஸாவுக்கு நான்கு. பெயர் ஒன்றாயினும் வகைதோறும் காப்பு வேறுபடும் என்பது இதனால் விளங்கும்.

கட்டணம் எதைக் கண்டது?

இனிக் காப்புறுதிக்கு வருவோம். மலேசியாவில் 1978 முதல் மோட்டார் காப்புறுதிக் கட்டணம் ஒரு பொது அட்டவணையால் வரையறுக்கப்பட்டிருந்தது. முழுக் காப்புறுதிக்கு அவ்வட்டவணை பார்த்தவை இரண்டு: இயந்திரத்தின் கொள்ளளவும் வண்டியின் மதிப்பும். தீபகற்ப மலேசியாவில் 1,400 சி.சி.க்கு மேற்படாத காருக்கு முதல் ஆயிரம் வெள்ளி மதிப்புக்கு 273 வெள்ளி 80 காசு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. 30,000 வெள்ளி மதிப்புள்ள சிறு காருக்கு இது 1,027 வெள்ளி 80 காசு ஆகும்.

இக்கணக்கில் கூட்டுக்கும் பைக்கும் இடம் யாண்டும் இல்லை என்பதை நோக்குக. அதுமட்டுமன்று. பாதுகாப்புக் கருவிகளுக்காக 3,000 வெள்ளி மிகுதியாகக் கொடுத்து உயர்வகைக் காரை வாங்கியவருக்கு, மதிப்பு உயர்ந்தமையால் ஆண்டுக் கட்டணம் 78 வெள்ளி கூடியது. மாறாக, 3,000 வெள்ளிக்கு வாங்கிய பையில்லாப் பழைய காருக்கு அட்டவணைக் கட்டணம் 325 வெள்ளி 80 காசே. காப்பு மிகக் குறைந்த வண்டிக்கே கட்டணமும் மிகக் குறைவு. கட்டணத்தின் சிறுமை பாதுகாப்பின் அடையாளம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எவர் காயம், எவர் கணக்கில்?

காப்புறுதி நிறுவனம் காரின் பாதுகாப்பைப் பெரிதாக எண்ணாமைக்கு ஆழ்ந்த காரணம் ஒன்றும் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது பிறருக்கு நேரும் இறப்புக்கும் காயத்துக்குமான காப்புறுதியையே. முழுக் காப்புறுதி எடுத்தால் பிறர் உடைமைக்கும் தன் வண்டிக்கும் நேரும் சேதங்களும் அடங்கும். 'முழு' என்னும் அடைமொழி கண்டு மயங்கலாகாது. தன் தவற்றால் நேர்ந்த விபத்தில் ஓட்டியவருக்கே ஏற்படும் இறப்பையோ காயத்தையோ வழக்கமான முழுக் காப்புறுதி ஏற்பதில்லை. அவர் காரில் உடன் வந்தோர் அவர்மீது தொடுக்கும் இழப்பீட்டு வழக்கையும், தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்தாலன்றி, அது ஏற்பதில்லை. வெள்ளச் சேதமும் அவ்வாறே.

ஆகவே ஓட்டுநரின் மார்பைக் காக்கும் காற்றுப்பை, அவருடைய காப்புறுதி நிறுவனத்தின் செலவைப் பெரும்பாலும் குறைப்பதில்லை. விரிந்த பையை மாற்றும் செலவு பட்டறைக் கணக்கில் ஏறுவதால் அதனைக் கூட்டவும் கூடும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உள்ளிருப்போர் காயத்துக்கான காப்புறுதியும் பரவலாக உண்டு. எனவே சிறு கார்களில் காயத்திற்கான கோரிக்கைகள் பெரிய கார்களினும் மிகுதி என்பதை அங்குள்ள நிறுவனங்களின் ஏடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. உயிரின் இழப்பு எந்த ஏட்டில் பதிவாகிறதோ, அந்த ஏட்டை வைத்திருப்பவரே அதனைத் தடுக்க முனைவர்.

2017-க்குப் பின்

2016 சூலை முதல் புதுவகைக் காப்புறுதிகளை விற்க இசைவு கிடைத்தது. 2017 சூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே வகுக்கலாயின. தக்காஃபுல் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். காரின் பாதுகாப்புக் கருவிகள், திருட்டு வாய்ப்பு, ஓட்டுநரின் வயது, வசிக்கும் இடம் முதலியவற்றை அவை கருத்திற் கொள்ளலாம். ஒரே காருக்கு நிறுவனந்தோறும் கட்டணம் மாறுபடுவது இதனாலேயே.

இம்முறையில் பயன் தரத்தக்கது மோதலைத் தடுக்கும் கருவி. எதிரே தடை கண்டதும் தானே தடை போடும் அமைப்பு, முன் செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக முன்னர்க் கூறிய அமெரிக்கக் கழகம் கண்டறிந்துள்ளது. அது பிறர் வண்டியையும் உடலையும் காப்பதால் நிறுவனத்தின் செலவும் குறையும். ஆனால் அதன் கண்போன்ற ஒளிப்படக் கருவி முன்கண்ணாடியருகே இருப்பதால், கண்ணாடி உடைந்தால் செலவு மிகும். முன்கண்ணாடிக்கான காப்புறுதியும் தனியே சேர்க்க வேண்டுவது.

எல்லாவற்றினும் கட்டணத்தை மிகுதியாகக் குறைப்பது கோரிக்கையின்மைத் தள்ளுபடியே. இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்கு 25 விழுக்காடு. பின் 30, 38⅓, 45 என ஏறி, ஐந்தாண்டுகளுக்குப் பின் 55 விழுக்காடு. மேற்சொன்ன 1,027 வெள்ளி 80 காசு அப்போது 462 வெள்ளி 51 காசாகும். இத்தள்ளுபடி 2017-க்குப் பின்னும் மாறவில்லை. இது காரின் வலிமைக்குத் தரும் பரிசு அன்று. ஓட்டுநரின் நிதானத்திற்குத் தரும் பரிசு.

கொள்ள வேண்டிய கருத்து

சிறு கார் வாங்குவோர் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போடுதல் வேண்டும். முதற்கணக்கு உயிர்க் கணக்கு. வாங்கப்போகும் காரின் பெயரை மட்டும் பாராது, ஆண்டையும் வகையையும் குறித்து நட்சத்திர மதிப்பைத் தேடுக. பழைய காராயின், சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகிறதா எனக் காண்க. பின்னிருக்கை வார் 2009 முதலும், குழந்தை இருக்கை 2020 முதலும் சட்டத்தால் வேண்டப்படுகின்றன. தண்டத்திற்கு அஞ்சியன்றி உயிர் கருதியே அவற்றைப் பயன்படுத்துக.

இரண்டாவது பணக் கணக்கு. உடன் வருவோர்க்கான பொறுப்புக் காப்புறுதியையும், ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதியையும் சேர்க்க எவ்வளவு ஆகும் எனக் கேட்டறிக. சம்பாதிப்பவர் ஒருவராயிருக்கும் குடும்பத்தில் இதனை விட்டுவிட்டு, முழுக் காப்புறுதி இருக்கிறது என்று அமைதி கொள்ளுதல் தகாது. சிறு கீறலுக்கு இழப்பீடு கோருமுன், இழக்கப்போகும் தள்ளுபடி எத்துணை எனவும் எண்ணிப் பார்க்க.

உயர்நிலை மாணவர்க்கு உந்த விதியையும் விழுக்காட்டையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்குகளையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சில ஆண்டுகளில் அவர்களும் முதல் கார் வாங்கக் கடைக்குச் செல்வர். மாதத் தவணையும் ஆண்டுக் கட்டணமும் எவ்வளவு என்று மட்டும் கேளாமல், கூடு எத்தகையது, பைகள் எத்தனை என்றும் கேட்கும் பழக்கம் அவர்களிடம் வளருமாயின் அதுவே சிறந்த காப்பாகும்.