முதலில் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்தால் பத்து மணி வரை நேயர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டவர், இரவு வேலை முடித்துப் பசியாறப் போகிறவர், அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களை ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்க வைப்பது எளிதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிகழ்ச்சியில் 'தோட்டத்து மாமா' என்றொரு பாத்திரம் இருந்தது. தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் புதிதாக வந்தவர். மின்படிக்கட்டில் கால் வைக்கப் பயப்படுவார். பேரங்காடியில் ஒரு சட்டையின் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். காப்பிக் கடையில் மெனு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார். எழுதியது நான், குரல் கொடுத்தவர் என் சக அறிவிப்பாளர். வாட்ஸ்அப்பில் நேயர்களின் சிரிப்புக் குரல்கள் வந்து குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில கேட்டேம்மா" என்றார்.

"நல்லா இருந்துச்சாப்பா?"

பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய புத்தகம். முதுகு கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. லாட் வரைந்த 'கம்போங் பாய்'. ஆற்றில் பையன்கள் கும்மாளமடிக்கும் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார்.

"சிரிப்பு வருதா?"

"வருதுப்பா."

"யாரைப் பார்த்துச் சிரிக்கிற?"

"இந்தப் பையனைப் பார்த்துத்தான்."

"இந்தப் பையன் யாரு?"

"லாட். வரைஞ்சவரேதான்."

"ம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உன் தோட்டத்து மாமா யாரும்மா?"

அப்பா பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் 22 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் விழுந்து, அங்கே வீடமைப்புப் பகுதி வரப்போகிறது என்றானபோது எங்களைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. முதன்முதலாக மின்படிக்கட்டைப் பார்த்து அப்பா தயங்கியதும், நான் அவர் கையைப் பிடித்து இழுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. எழுதும்போது மட்டும் எப்படியோ மறந்துபோயிருந்தது.

அன்றிரவு அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். பிறகு லாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் நகைச்சுவை பற்றி எனக்கு எத்தனையோ பாடங்கள் நடத்தினார்கள். இந்தப் பாடம் விட்டுப்போயிருந்தது.

வட்ட முகத்துப் பையன்

லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். 1951 மார்ச் 5-ஆம் தேதி, பேராக் கோப்பெங்கை அடுத்த கோத்தா பாரு என்ற கம்பத்தில் பிறந்தவர். குழந்தையின் முகம் வட்டமாக இருந்ததால் வீட்டில் 'புலாட்' என்று கூப்பிட்டார்கள். அது சுருங்கி 'லாட்' ஆனது. அப்பா இராணுவத்தில் எழுத்தர். குடும்பம் ஊர் ஊராக மாறிக் கடைசியில் ஈப்போவுக்கு வந்தது. லாட் ஆண்டர்சன் பள்ளியில் படித்தார்.

வரைந்து சம்பாதிக்க முடியும் என்பதை அவர் பதின்மூன்று வயதிலேயே தெரிந்துகொண்டார். 1964-இல் பினாங்குப் பதிப்பகம் ஒன்று அவருடைய முதல் சித்திரக் கதையான 'தீகா செக்காவான்' நூலை வெளியிட்டது. கிடைத்த சம்பளம் 25 வெள்ளி. 1968-இல், பள்ளிப் பையனாக இருக்கும்போதே, 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' என்ற தொடர் தொடங்கியது. மாமாட் என்ற பையனும் அவன் குடும்பமும்தான் கதை. அதை வாரந்தோறும் 26 ஆண்டுகள் வரைந்தார். தொடர் தொடங்கியபோது அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், அது முடியும்போது தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.

பள்ளி முடித்து கோலாலம்பூருக்கு வந்தவருக்கு ஓவியர் வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது குற்றச் செய்தி நிருபர் வேலை. பெரித்தா ஹரியானிலும் பிறகு நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்சிலும் நிருபராக ஓடினார். திருப்பம் 1974-இல் வந்தது. மலாய்ப் பையன்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த சித்திரங்களை ஹாங்காங்கின் 'ஏசியா மேகசின்' வெளியிட்டது. அதைப் பார்த்து அசந்துபோன நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆசிரியர், இவ்வளவு நன்றாக வரைகிறவர் தம் அலுவலகத்திலேயே குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாராம். அதன் பிறகு 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் லாட்டுக்குத் தனி இடம் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1969 மே கலவரம் நடந்து ஐந்தே ஆண்டுகள். பக்கத்து வீட்டுக்காரரின் சடங்கைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் வாய் திறக்கவே ஆட்கள் யோசித்த நேரம். அந்த நேரத்தில் ஒருவர் எல்லா இனத்தாரின் கல்யாணத்தையும் பெருநாளையும் கடைத்தெருவையும் நாளிதழில் கேலியாக வரைந்தார். நாடு முழுக்கச் சிரித்தது.

ஏன் யாருக்கும் வலிக்கவில்லை?

புத்தகத்தை வைத்துக்கொண்டு பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றியவை இரண்டு.

முதலாவது, லாட்டின் கோட்டில் யாருமே அழகர்கள் இல்லை. எல்லாருக்கும் புடைத்த மூக்கு. தொந்தி, பல், கலைந்த தலை என்று ஆளுக்கு ஒரு குறை. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் மிகவும் கோமாளியாக இருப்பவன் பெரும்பாலும் அந்தப் பரட்டைத்தலைப் பையன்தான். விருத்தசேதனச் சடங்கில் நடுங்குகிறவன் அவன். அப்பாவுக்குத் தெரியாமல் ஈயம் அலசப் போய் மாட்டிக்கொண்டு ஓடுகிறவனும் அவன். தன்னை முதலில் கேலிக்கு வைத்துவிட்டுத்தான் லாட் அடுத்தவர் பக்கம் திரும்புகிறார். அப்படி வருகிறவரை யாரும் விரட்டுவதில்லை.

இரண்டாவது, அவர் பார்த்துவிட்டு வரைந்தவர். தெருவெல்லாம் அலைந்த நிருபரின் கண் அது. ஓர் அம்மா பிள்ளையை எந்தக் கையால் இடுப்பில் இடுக்கிக்கொள்கிறார், பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள் குடையை எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பது வரைக்கும் பார்த்தால்தான் அப்படி வரைய வரும். அவ்வளவு நேரம் ஒருவரை உற்றுப் பார்த்தபின் அவரை வெறும் கேலிப்பொருளாக்க மனம் வராது.

என் தோட்டத்து மாமாவை நான் அப்படிப் பார்க்கவில்லை. குளிரூட்டிய அறையில், முக்கால் மணி நேரத்தில் தட்டச்சு செய்தேன்.

அலமாரித் தாள்

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் படிப்பார், மலாய் பேசுவார். பிறகு லாட் எப்படி அவர் கைக்கு வந்தார்?

எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்குவார்கள். பழைய தாள்களைக் கிராணியம்மா லயத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். அம்மா அவற்றைத் தட்டுமுட்டுச் சாமான் அலமாரியில் விரித்துவைப்பார். ஒரு நாள் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்த அப்பா அதன் கீழே ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மா புதுத் தாள் விரிக்கும் முன் அப்பா ஒருமுறை பார்த்துவிடுவாராம். கிராணி மாற்றலாகிப் போனபோது, "இது உனக்குத்தான்" என்று 'கம்போங் பாய்' புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வரியும் படிக்காமல், படங்களைப் பார்த்தே அப்பா அந்தக் கதையை முழுவதும் சொல்வார். நானும் அப்படித்தான் முதலில் கேட்டேன்.

1979-இல் வந்த அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் அப்பா எப்போதும் நிற்பார். கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்துக்குப் பேர்போனது. குட்டையில் மிதந்தபடி மண்ணைத் தோண்டி விழுங்கும் பெரிய ஈயக் கப்பல் கம்பத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. தங்கள் ரப்பர்த் துண்டு நிலத்துக்கும் ஒரு நாள் அது வந்துவிடுமோ என்ற பேச்சு எழுகிறது. பையன் படிக்க ஊரை விட்டுக் கிளம்புகிறான். திரும்பி வரும்போது இந்த ஊர் இப்படியே இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய்க் கடைசியில் தொண்டையை அடைக்க வைத்துவிடுவார் லாட்.

எங்கள் தோட்டத்துக்கு ஈயக் கப்பல் வரவில்லை. மண்வாரி இயந்திரம் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

உலகம் சுற்றிய கம்பம்

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1981-இல், ஈப்போ நகர வாழ்க்கையையும் ஃபிராங்கி என்ற சீன நண்பனோடு கொண்ட சிநேகத்தையும் சொல்லும் 'டவுன் பாய்' வந்தது. 1994-இல் பேராக் சுல்தான் லாட்டுக்கு டத்தோ விருது வழங்கினார். தொண்ணூறுகளின் இறுதியில் 'கம்போங் பாய்' 26 பகுதிகள் கொண்ட கேலிச்சித்திரத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் ஒரு பகுதி 1999-இல் பிரான்சின் அனெசி அசைபட விழாவில் விருது வாங்கியது. 2002-இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டு விருது. 2006-இல் அமெரிக்கப் பதிப்பு. 2011-இல் இஸ்தானா புடாயாவில் இசை நாடகம். அஞ்சல் தலையிலும் விமானத்தின் உடலிலும்கூட அந்தப் பரட்டைத்தலை ஏறிவிட்டது.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு சின்னக் கம்பம். மங்கலான ஒரு குழந்தைப் பருவத்தை ஒருவர் மறக்க மறுத்து, கறுப்பு மையில் இறக்கிவைத்ததால் அது நிற்கிறது. கம்பத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கும் இன்று கம்பம் என்றால் அந்தப் படங்கள்தான் கண்ணில் வருகின்றன.

அன்று அப்பா கடைசியாகக் கேட்ட கேள்வி இதுதான்: "நம்ம தோட்டத்த இந்த மாதிரி யாராச்சும் வரைஞ்சிருக்காங்களாம்மா?" பெரட்டுக்களத்தின் இருட்டு, காண்டா வாளியின் பாரம், ஆயாக் கொட்டகைத் தூளிகள், தீபாவளிக்கு முதல் நாள் லயம் முழுக்கப் பரவும் எண்ணெய்ச் சட்டி வாசம். நம் நாவலாசிரியர்களும் சிறுகதையாளர்களும் இவற்றை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடுக்களை அலமாரியில் விரித்த தாளில் பார்த்து, படிக்கத் தெரியாதவரும் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி ஒரு படம்? அப்பாவிடம் எடுத்துக் காட்ட என் கையில் ஒன்றும் இல்லை.

மாமாவின் மகள்

தோட்டத்து மாமாவை நான் நிறுத்தவில்லை. அவருக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். நகரத்தில் படித்து, வானொலியில் பேசுகிற மகள். இனி தடுமாறுவது அவள். கைப்பேசி வழிகாட்டியை நம்பிச் செம்பனைக் காட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு அழுவாள். மாமா மரத்தின் நிழலைப் பார்த்து வழி சொல்வார். அந்த மகளின் குரலை நானே பேசினேன்.

முதல் சில வாரங்கள் சிரிப்புக் குரல்கள் குறைந்தன. மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கவும் செய்தார். பிறகு வேறு மாதிரிக் குரல்கள் வரத் தொடங்கின. "எங்க ஆயாக் கொட்டகையில ஒரு பாட்டி இருந்தாங்க..." "எங்கப்பா ஒட்டுப்பால் மூட்டைய சைக்கிள்ல கட்டிக்கிட்டு..." நிகழ்ச்சி முடிந்த பிறகும் உட்கார்ந்து கேட்பேன். எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. போன பள்ளி விடுமுறையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க ஊரை நான் வரையட்டுமா?" என்று கேட்டான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னார். லயம் வந்தது, கோயில் வந்தது, ஒரு நாய் வந்தது. தலையில் விளக்கு கட்டிய தாத்தா பால் மரத்தடியில் நின்றார். மூக்கு பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மரத்தின் மேல் விரல் வைத்தார்.

"எல்லாம் சரி ஐயா. வெட்டுக் கோடு மட்டும் தப்பு. இடது பக்கம் மேல தொடங்கி வலது பக்கம் கீழ இறங்கணும். நீ போட்டிருக்கிற மாதிரி வெட்டினா பால் மங்குக்குப் போகாது, தாத்தா கால்லதான் ஊத்தும்."

அவன் அழிப்பானை எடுத்தான்.