கூடை இறங்கியும் தோள் இறங்காதபோது

பசறை, அப்புத்தளை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரிகளில் 'எனக்கு மன அழுத்தம்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலை இடிக்கிறது, பிடரி இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை ஒரே யோசனை என்றுதான் சொல்வார்கள். இரண்டு பனடோலை வாங்கி மடியில் முடிந்துகொண்டு மறுநாள் காலை வேலைப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். தலையிடி போகும், இரண்டு நாளில் திரும்பி வரும்.

உடம்பு சும்மா முறையிடுவதில்லை. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு ஒரு நொடியில் தயாராகிவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடும். இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், தசைகள் இறுகும், வயிறு தன் வேலையை நிறுத்திவைக்கும். தேயிலைச் செடிக்கு அடியில் பாம்பைக் கண்டால் இந்த ஏற்பாடுதான் காப்பாற்றும். பாம்பு போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கிழமைதோறும் வாசலுக்கு வருகிற நுண்கடன்காரரைப் பார்த்தும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. அவர் போனாலும் அடுத்த கிழமை வருவார் என்று தெரியும். ஆகவே அது பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. எந்த வகை நெருக்கடிக்கும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்பதையும், அது நீண்டுபோனால் உடம்பே களைத்துவிடும் என்பதையும் 1936இலிருந்தே ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் எழுதிவந்தார்.

ஊவாத் தோட்டங்களில் நெருக்கடிக்கு ஒரு பருவ காலமே உண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலையின் வாசனைக்கு உலகச் சந்தையில் பெயர். அந்த வாசனை வருவதே செடி வாடி, கொழுந்து குறைவதால்தான். கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. முழுப்பேர் விழுந்தால்தான் அந்தக் கணக்கு. காற்று ஓய்ந்து ஒக்டோபரில் மழை தொடங்கினால் வேறு பயம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து வரிசை வீடுகளான லயங்களை மூடியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கிவிட்டுப் போனது. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில் கூரையில் விழும் ஒவ்வொரு துளியையும் எண்ணிக்கொண்டு படுத்திருப்பவரிடம் 'தூங்குங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. இதற்கு நடுவே மகள் வெளிநாட்டில் வீட்டு வேலையில், பேரப்பிள்ளை ஆயாவிடம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேர், பக்கத்துக் காம்பராவில் குடித்துவிட்டுச் சத்தம்.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, இறங்க வேண்டிய நேரத்தில் உடம்பு இறங்குகிறதா என்று பார்ப்பது. பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுவை முடிந்து நிற்கிற பெண்களைக் கவனியுங்கள். கூடையை இறக்கியாயிற்று, இடுப்பில் கட்டிய படங்கையும் அவிழ்த்தாயிற்று. ஆனாலும் சிலருக்குத் தோள் இரண்டும் காதுப் பக்கம் தூக்கியபடியே நிற்கும். பல் கடித்தபடி, தாடை இறுகியிருக்கும். கேட்டால் தெரியாது என்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சாயத்தண்ணி குடித்த பிறகும் அது இறங்கவில்லை, இப்படியே இரண்டு மூன்று கிழமை போகிறது, கூடவே தூக்கம் கெடுகிறது, கோபம் மூக்கின் மேல் நிற்கிறது, வழக்கமாகப் பிடித்த கோயில் பூசையோ பக்கத்து வீட்டுப் பேச்சோ சலிக்கிறது என்றால் அது வெறும் வேலைக் களைப்பு இல்லை. ஆண்களிடம் இதே சங்கதி வேறு வேடத்தில் வரும்: வாய் பேசாது, போத்தல் கூடும். சாராயமோ கசிப்போ தூங்கவைப்பதுபோலக் காட்டும். நடுச்சாமத்தில் அதுவே எழுப்பியும் விடும்.

எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. படபடப்பும் மூச்சிரைப்பும் இரத்தச்சோகையாலும் வரும். தோட்டப் பெண்களில் அது பலருக்கு உண்டு. தைரொயிட், சீனி, பிரஷர் கோளாறுகளும் இதே முகத்தைக் காட்டும். ஆகவே முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை. நெஞ்சு இறுகி வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், யோகாசனத்தை யோசிக்க வேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, இந்த இறுக்கத்தை இறக்க உதவும் யோகாவுக்கு வருவோம். 'நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து மலை ஏறுகிற எங்களுக்கு இன்னும் எக்சசைஸா?' என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை அப்படியே கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் கொண்டுவந்து கொடுப்பதுதான் தவறு. அவருக்கு உழைப்பு போதும். அவருக்குத் தேவை, ஒரே பக்கம் வளைந்த உடம்பை மறுபக்கம் திறப்பதும், மூச்சை நீட்டுவதும், பிறகு சும்மா படுப்பதும்.

இதில் மூச்சுதான் பிரதானம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது சற்றுத் தணியும். வெளிமூச்சின்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்தை அடக்குவதால் இப்படி நடக்கிறது. இதயத்துக்கு நேராக நாம் கட்டளை போட முடியாது. ஆனால் வெளிமூச்சை நீட்டி இந்த நரம்பு வழியாக அதைத் தணிக்கலாம். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்குக் குறைப்பதே பயிற்சி. பிராணாயாமம் செய்தவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்.

செய்முறை இது. பாயை விரித்து மல்லாந்து படுங்கள். கெண்டைக்கால் இரண்டையும் கட்டில் மேலோ கதிரை மேலோ தூக்கிப் போடுங்கள். நாள் முழுக்க நின்ற காலுக்கும் இடுப்புக்கும் இதுவே பாதி மருந்து. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள், வயிறு கையைத் தூக்கட்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சும்மா மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு கைமுட்டியை இறுக மூடி, ஐந்து எண்ணி, விடுங்கள். அப்படியே தோள், முகம், வயிறு, தொடை, பாதம். இறுக்கிவிட்டுத் தளர்த்தும்போதுதான், அதுவரை எவ்வளவு இறுகியிருந்தது என்று பலருக்கும் உறைக்கும். கடைசியாகச் சவாசனம். தூங்கிவிட்டால் தூங்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.

உடம்பைத் திறக்க இரண்டு போதும். வாசல் நிலையின் இரு பக்கமும் முன்னங்கைகளை ஊன்றி ஒரு காலை முன்னே வைத்து நெஞ்சைத் தள்ளி நிற்பது ஒன்று. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்கும் எளிய புஜங்காசனம் இன்னொன்று. முன்னால் குனியும் ஆசனங்கள் இவர்களுக்கு அவசரமில்லை, அதைத்தான் மலையில் காலை முதல் செய்கிறார்கள். தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்த கழுத்துக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஏற்கனவே படபடப்புள்ளவர் கபாலபாதி, பஸ்திரிகா என்று வேகமூச்சுப் பயிற்சி செய்தால் படபடப்புக் கூடும். கர்ப்பிணிகள் குப்புறப் படுக்க வேண்டாம். பிரஷர், கிளோக்கோமா, முள்ளந்தண்டுக் கோளாறு உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

மண்சரிவைக் கண்ணால் கண்டவர்களுக்கு வேறு கவனம் தேவை. இருட்டில் படுத்துக் கண்ணை மூடச் சொன்னால் சிலருக்கு அந்தக் காட்சியே வந்து நிற்கும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். கதிரையில் உட்கார்ந்து, இரு பாதமும் தரையைத் தொட, வாசலில் தெரியும் ஒரு செடியைப் பார்த்தபடி மூச்சை நீட்டலாம்.

பேரிடரில் யோகா வேலை செய்யுமா? 2004 சுனாமிக்குப் பிறகு அந்தமான் முகாம்களில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் பயமும் துயரமும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் நடந்த மூச்சுப் பயிற்சி ஆய்வு இன்னும் உறுதியானது, அதில் பயிற்சிக்காகக் காத்திருந்த குழுவோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். நம் நாட்டில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரால் நொந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல், மந்திர ஜெபம் ஆகியவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். சைவருக்கு 'ஓம்' என்றால், பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அவரவர் வழிபாட்டுச் சொல். ஒரே லயத்தில் மாதா படமும் மாரியம்மன் படமும் அடுத்தடுத்த காம்பராவில் தொங்கும் ஊவாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். யோகா யாருடைய சாமியையும் பறிக்காது.

நேரமும் இடமும்தான் உண்மையான தடை. விடியற்காலை ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவரிடம் 'அதிகாலையில் எழுந்து செய்யுங்கள்' என்பது கிண்டல்போல இருக்கும். நிறுவை முடிந்து வீடு வந்ததும், அடுப்பை மூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் நல்லது. தனியாகச் செய்தால் மூன்றாம் நாள் விட்டுப்போகும். நாலு பேர் சேர்ந்தால் நிற்கும். பின்னேரம் காலியாகிற பிள்ளை மடுவத்தையோ ஞாயிறு அறநெறி வகுப்பு முடிந்த கோயில் மண்டபத்தையோ தோட்ட நிர்வாகமும் கோயில் கமிட்டியும் திறந்துவிட்டால் போதும், காசு செலவில்லை. யூன் 21 யோகா தினத்தில் மேடை போட்டு, பனர் கட்டி, படமெடுத்துவிட்டுப் போவதைவிட இது பயன் தரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீண்ட மூச்சு நாட்சம்பளத்தைக் கூட்டாது, சரிவுக்குக் கீழே இருக்கிற லயத்தை நகர்த்தாது. அவற்றுக்குத் தொழிற்சங்கமும் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும். 'யோகா செய், எல்லாம் சரியாகும்' என்று கம்பனிகளோ அரசியல்வாதிகளோ சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

பயிற்சி செய்தும் தூக்கம் திரும்பவில்லை, அழுகை நிற்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது அந்த நினைப்பு என்று தெரிந்தால் தனியே விடாதீர்கள், மருந்தடிக்கிற போத்தல்களை அகற்றிவிடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.