குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சியும் சமூக இணக்கமும்: குமரி மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிணக்குற்ற சமூகங்களிடையே இணக்கம் வளர்க்கும் கருவியாகக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்கள் பயன்பட்டுள்ளன. அவை செயற்பட்ட முறையையும், குமரி மாவட்டச் சூழலுக்கு அம்முறை பொருந்துமாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைத் தொலைக்காட்சி, சமய நல்லிணக்கம், மண்டைக்காடு, கல்வித் தொலைக்காட்சி, வட்டார வழக்கு.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர், கிறித்தவர் 47, இசுலாமியர் 4. இருபெரும் சமயத்தார் ஏறக்குறைய நிகராக வாழும் இம்மாவட்டத்தில், 1982 மார்ச்சு மாதம் மண்டைக்காட்டில் எழுந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் உயிர்களைப் பலிகொண்டன. அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிப்பணி ஆற்றினார். இவை பெரியவர்களை நோக்கிய முயற்சிகள். கலவரத்தைக் காணாத தலைமுறையோ அதன் கசப்பை வீட்டுப் பேச்சின்வழிப் பெறக்கூடும். எனவே, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் முயற்சியும் தேவையாகிறது.

உலக முன்மாதிரிகள்

1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' தொடரின் வழிவந்த இசுரேலிய-பாலஸ்தீனக் கூட்டுத் தயாரிப்பு 1998இல் ஒளிபரப்பானது. அதில் இரு சமூகத்தார்க்கும் பொதுவான ஒரே தெரு அமைக்கப்படவில்லை. இரு தெருக்கள் தனித்தனியே இருந்தன. ஒரு தெருவின் பாத்திரங்கள் மற்றதற்கு விருந்தினராகச் சென்றன. தத்தம் அடையாளத்தை இழக்காமல் சந்திப்பதே இவ்வமைப்பின் உட்பொருள். ஆயின் 2000இல் வன்முறை மூண்டபின் நிலைமை மாறியது. 2003இல் வெளிவந்த தொடரில் இத்தகைய சந்திப்புக் காட்சிகள் இடம்பெறவில்லை. களத்தில் அமைதி குலையும்போது திரையின் ஆற்றலும் குறைகிறது என்பதை இது காட்டுகிறது.

மாசிடோனியாவில் 1999இல் தொடங்கிய 'நாஷே மாலோ' வேறு வழியை மேற்கொண்டது. மாசிடோனிய, அல்பேனிய, துருக்கிய, ரோமா இனக் குழந்தைகள் அதில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழ்ந்தனர். தத்தம் மொழியைப் பேசினர். தொடரைப் பார்த்தபின், பிற இனக் குழந்தைகளை வீட்டிற்கு அழைக்க விரும்பிய மாசிடோனியக் குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்ததாக மதிப்பீட்டாய்வு தெரிவித்தது.

குமரிச் சூழலில் பொருத்தம்

இந்தியாவில் 2006இல் தொடங்கிய 'கலி கலி சிம் சிம்' இந்தித் தொடராகும். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்டது. அதன் முதன்மைப் பணி பாடம் கற்பித்தல். இணக்கத்திற்கான குழந்தைத் தொடரை உருவாக்க இவ்வலைவரிசையே தக்க களமாகும்.

அத்தகைய தொடருக்குரிய பொருள் மாவட்டத்திலேயே உள்ளது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா, மண்டைக்காட்டு மாசிக் கொடை ஆகியவற்றை, ஒரு வீட்டுக் குழந்தை மறுவீட்டாரின் அழைப்பை ஏற்றுச் செல்லும் நிகழ்வுகளாக அமைக்கலாம். மொழியும் இன்றியமையாதது. மலையாளம் கலந்த விளவங்கோட்டுத் தமிழ், நாஞ்சில் வழக்கு, கடற்கரை வழக்கு ஆகியவை நகைப்புக்குரியனவாக அன்றி நிகரான தகுதியுடன் ஒலிக்கவேண்டும். 'மக்கா' என்னும் அன்பு விளி சமய எல்லையைக் கடந்து வழங்குவது இதற்கு நல்ல தொடக்கமாகும்.

முடிவுரை

நல்லிணக்கத்தை அறவுரையாகப் புகட்டுவதைவிட, பிறரைத் தம் வீட்டிற்கு அழைக்கும் விருப்பத்தைக் குழந்தையிடம் தோற்றுவிப்பதே இத்தொடர்களின் வலிமை. அவ்விருப்பம் செயலாவதற்குப் பள்ளியிலும் தெருவிலும் உண்மையான சந்திப்புகள் வேண்டும். தொலைக்காட்சி அதற்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.