எவரையும் பின்னே விடாத ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

பிரித்தானியாவின் கிராமப்புற வீதிகளில், ஞாயிறு காலை வேளைகளில், எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து இருவர் இருவராக அணிவகுத்துச் செல்லும் துவிச்சக்கர வண்டிக்காரரை எம்மவர் பலரும் கண்டிருப்பர். வேலைக்கு விரையும் நேரத்தில் வழியை மறிக்கின்றனரே எனச் சலித்துக்கொண்டோரும் எம்மிடையே உண்டு. அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பதே பலரது எண்ணம். ஆயின் அதன் வரலாறு வேறு விதமானது.

இன்று நாம் காணும் வடிவிலான சைக்கிளை 1885 இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் உருவாக்கினார். 1888 இல் பெல்பாஸ்ரில் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். சில ஆண்டுகளில் விலை குறைந்து, பாவித்த வண்டிகளும் சந்தைக்கு வரவே, தொழிலாளருக்கும் சைக்கிள் எட்டியது. கிழமையில் ஆறு நாளும் புகை மண்டிய தொழிற்சாலைகளில் உழைத்தோர், ஓய்வு கிடைத்த ஒரே நாளில் நண்பர்களுடன் கூடிக் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டனர். 'கிளேரியன்' என்ற சோசலிச வார இதழின் வாசகர் சிலர் 1894 இல் பேர்மிங்ஹாமில் கூடி அமைத்த சைக்கிள் கழகம் இன்றும் இயங்குகின்றது. ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர்கள் வாராந்தப் பயணமொன்றைத் தொடக்கினர் என்பது எமது வாசகர்கள் மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பயணத்திற்கெனச் சில ஒழுங்குகள் உள்ளன. சமதரையில் விரைந்து செல்பவரது வலுவிற் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகின்றது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்னே செல்பவரை ஒட்டிப் பின்தொடர்பவரோ ஏறத்தாழ நாலிலொரு பங்கு உழைப்பை, சில வேளைகளில் அதற்கும் மேலாக, மிச்சப்படுத்துகின்றார். ஆகவே முன்வரிசையில் இருப்பவர் இருவரும் சில நிமிடங்கள் காற்றைத் தாங்கியபின் விலகிப் பின்னே செல்ல, அடுத்த இருவர் அவ்விடத்திற்கு வருவர். வலுவுள்ளவர் கூடிய நேரம் முன்னே நிற்பர். களைத்தவர் நடுவில் ஒதுங்கி இளைப்பாறுவர். வீதியிற் பள்ளம் இருப்பின் முன்னவர் கையாற் சுட்டிக்காட்ட, அச்செய்தி கைக்குக் கை மாறிக் கடைசியாள் வரை செல்லும். அனுபவமுள்ள ஒருவர் எப்பொழுதும் இறுதியில் வருவார். மேட்டில் முந்தியோர் உச்சியிற் காத்து நிற்பர். புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பயணங்களில், மிக மெதுவாகச் செல்பவரது வேகமே அனைவரதும் வேகம்.

இவ்வொழுங்கினால் விளையும் நன்மைக்கு பெரில் பேர்ட்டனின் வாழ்க்கை நல்ல சான்று. 1937 இற் பிறந்த இவர், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் நீண்டகாலம் வைத்தியசாலையிற் கிடந்தவர். திருமணத்தின் பின் கணவருடன் உள்ளூர்ச் சைக்கிள் கழகத்திற் சேர்ந்தார். தொடக்கத்தில் தோழர்கள் முதுகிற் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்த அப்பெண்மணி, 1967 இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓடி, அன்று ஆண்கள் நிலைநாட்டிய சாதனையையும் விஞ்சினார். பெண்களுக்கான அச்சாதனை 2017 வரை ஐம்பது ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. தாயாகவும் தொழிலாளியாகவும் இருந்துகொண்டே அவர் இதனைச் சாதித்தார். சைக்கிள் ஓட்டம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதெனக் கருதும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.

எமக்குச் சைக்கிள் புதியதன்று. 1990 முதல் எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்தில் யாழ் குடாநாடு அதன் சில்லுகளிலேயே இயங்கியது. விறகும் நோயாளியும் அதிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, எஞ்சிய உடைமைகளை அதிலேயே கட்டி உருட்டிச் சென்றனர். அந்நினைவுகளால் சைக்கிளை வறுமையின் அடையாளமாகக் கருதி, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாம் தொடாதிருப்போர் பலர்.

ஆயினும் எமது உடல்நிலை எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. தெற்காசியரிடையே நீரிழிவும் இருதய நோயும் ஏனையோரை விட அதிகமாகவும் இளவயதிலேயும் தோன்றுகின்றன. வளர்ந்தோர் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டுமென இங்குள்ள சுகாதார சேவை அறிவுறுத்துகின்றது. மூன்று மணி நேர ஞாயிற்றுப் பயணம் ஒன்றே அதனை நிறைவு செய்யும். இரவு வேலையும் பகல் உறக்கமுமாக, பேச்சுத் துணையின்றி ஆண்டுகளைக் கழிக்கும் எம்மவருக்கு, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டு வருவதும் மருந்தேயாகும்.

தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பிறேக் சரியாகப் பிடிக்கும் பாவித்த வண்டி ஒன்று, மாற்று ரியூப், காற்றடிக்கும் பம், தண்ணீர்ப் போத்தல் ஆகியவை போதும். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமன்று. எனினும் அணிவதே நன்று. இருட்டிய பின் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம். நடைபாதையில் ஓடுவது குற்றமாகும். இருவர் இருவராகச் செல்வதை வீதி ஒழுங்குக் கோவை அனுமதிப்பதோடு, கூட்டமாகச் செல்கையில் அதுவே கூடிய பாதுகாப்பளிக்கலாம் என 2022 திருத்தம் கூறுகின்றது. அணியின் நீளம் பாதியாகக் குறைவதால் வாகனமும் விரைவிற் கடந்து செல்லலாம். எம்மிடையே வாகனம் ஓட்டுவோர், 30 மைல் வரையான வேகத்தில் முந்தும்போது ஒன்றரை மீற்றராவது இடைவெளி விடுதல் வேண்டும்.

சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் வாசலில் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். அவர்களுள் நால்வர் மனம் வைத்தால், மறுநாட் காலை பதினைந்து மைல் சென்று, தேநீர் அருந்தி, மதிய உணவுக்கு முன் வீடு திரும்பலாம். முதல் நாள் மூச்சு வாங்கும், கால் நோகும். அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மற்ற மூவரும் மேட்டின் உச்சியிற் காத்து நிற்கட்டும்.