ஓர் அணையும் மூன்று பட்டியல்களும்

அல்லிநகரத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் வீரபாண்டியை அடையலாம். அவ்வூரை ஒட்டி ஓடும் முல்லையாற்றின் நீரில் பெரும்பகுதி வேறொரு மாநிலத்தில் பெய்த மழையாகும். கேரளத்தின் இடுக்கி மாவட்டக் காடுகளில் பெய்யும் மழையை முல்லைப் பெரியாறு அணை தேக்குகிறது. அந்நீர் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை நனைத்து, வைகையில் கலந்து, இராமநாதபுரம் வரை செல்கிறது.

அணை நிற்கும் நிலம் கேரளத்துக்கு உரியது. அணையைப் பராமரித்து மதகுகளை இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத்துறை. அங்குக் காவல் நிற்பவர்கள் கேரளக் காவலர்கள். இத்தகைய ஓர் அணையைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பகுக்கிறது. பொதுப் பட்டியலில் உள்ளவற்றைப் பற்றி நாடாளுமன்றமும் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். அவை முரண்பட்டால், பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும். எப்பட்டியலிலும் இடம்பெறாத எஞ்சிய அதிகாரங்களும் ஒன்றியத்துக்கே உரியவை. அமெரிக்காவில் அவை மாநிலங்களிடம் உள்ளன என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

நீர், பாசனம், கால்வாய், நீர்த்தேக்கம் ஆகியவை மாநிலப் பட்டியலின் 17ஆவது பதிவில் உள்ளன. ஆனால் அப்பதிவு தனித்து நிற்பதில்லை. ஒன்றியப் பட்டியலின் 56ஆவது பதிவுக்கு ‘உட்பட்டு’ என்னும் நிபந்தனையுடன் எழுதப்பட்டுள்ளது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது பொதுநலனுக்குத் தேவை என்று நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே அறிவித்தால், அறிவித்த அளவுக்கு அதிகாரம் ஒன்றியத்தின் கைக்குச் சென்றுவிடும். நீர் மாநிலப் பொருள் என்று மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் பாதிச் செய்தியைத்தான் அறிகிறார். நாடாளுமன்றமோ நெடுங்காலம் இவ்வதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. 1956இல் நதி வாரியச் சட்டத்தை இயற்றியது; அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

அரசமைப்புச் சட்டம் பிறப்பதற்கு முன்பே இவ்வணை பிறந்துவிட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1895இல் அணை முடிந்தது. 1970இல் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாயானது; மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது; மின்னுற்பத்திக்குத் தமிழ்நாடு இசைவு பெற்றது. இரு மாநிலங்கள் தாமே பேசி முடித்துக்கொண்டமைக்கு இது நல்ல சான்று.

சிக்கல் 1979இல் தொடங்கியது. அணையின் பாதுகாப்பைப் பற்றி அச்சம் எழுந்ததால், மத்திய நீர்வள ஆணையத்தின் ஆலோசனைப்படி 152 அடி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர்ப் பலப்படுத்தும் பணிகள் நடந்தன. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடியே உச்ச அளவு என வரையறுத்தது. அணைக்குக் கீழே வாழும் மக்களின் உயிரைக் காப்பது தன் கடமை என்றது கேரளம். தீர்ப்பால் கிடைத்த உரிமையை ஒரு சட்டம் பறிக்கலாகாது என்றது தமிழ்நாடு. ஒருபுறம் அச்சம், மறுபுறம் வயல். இரண்டும் மக்களுடையவை என்பதால் இவ்வழக்கை எளிதாக எடைபோட இயலாது.

மாநிலங்களுக்கிடையிலான வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை 131ஆவது உறுப்பு உச்சநீதிமன்றத்துக்கு அளிக்கிறது. ஆற்றுநீர்ப் பங்கீட்டுத் தகராறுகளை நடுவர் மன்றத்துக்கு விட்டு, நீதிமன்றங்களை விலக்கிவைக்க 262ஆவது உறுப்பு வழிசெய்கிறது. காவிரிச் சிக்கல் அவ்வழியே சென்றது. இதுவோ நீர்ப்பங்கீடு பற்றியதன்று. அணையின் பாதுகாப்பையும் நீர்மட்டத்தையும் பற்றியது. ஆகவே தாமே விசாரிக்கலாம் என நீதிபதிகள் 2006லேயே கூறியிருந்தனர். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் திருத்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றது. சான்றுகளை ஆராய்ந்து அணை பாதுகாப்பானது என நீதிமன்றம் முடிவுசெய்த பின், அம்முடிவைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் புரட்டிவிட முடியாது என்பதே காரணம். தன் பட்டியலில் உள்ள பொருளாயினும், நீதித்துறையின் பணியைச் சட்டமன்றம் கையிலெடுக்கலாகாது என்பதை மாணவர்கள் கருதுக. அதிகாரத்துக்குப் பட்டியல் ஒன்றே எல்லையன்று.

இதற்குப் பின் ஒன்றியம் நுழைந்தது. 56ஆவது பதிவைச் சுட்டி நாடாளுமன்றம் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அணைகள் மாநிலத்துக்கு உரியவை என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் அம்மசோதாவை எதிர்த்தன. ஒரு மாநிலத்தின் அணை மற்றொரு மாநில எல்லைக்குள் இருந்தால், அதன் பாதுகாப்பைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே கண்காணிக்கும் என்கிறது அச்சட்டம். நம் அணையை நினைத்தே எழுதியது போன்ற பிரிவு இது! இரு மாநிலமும் ஐயுறும் இடத்தில் மூன்றாம் கண் தேவை என்பது நியாயமே. ஆயினும் ஒருமுறை மேலே சென்ற அதிகாரம் கீழே இறங்குவது அரிது என்னும் மாநிலங்களின் கவலையும் பொய்யன்று.

பொதுப் பட்டியலுக்கும் இங்கே வேலையுண்டு. முதன்மை அணையை அடுத்துள்ள பேபி அணையைப் பலப்படுத்திய பிறகு, 152 அடி பற்றி வல்லுநர்கள் ஆராயலாம் என்பது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அப்பணிக்குச் சில மரங்களை வெட்ட வேண்டும். காடு முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அதனைக் கல்வியோடு சேர்த்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தைப் பிற பணிக்குப் பயன்படுத்த ஒன்றியத்தின் ஒப்புதலும் வேண்டும். 2021 நவம்பரில் 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை இசைவளித்தது. சில நாள்களுக்குள் அம்மாநில அரசு அதனை இரத்துச் செய்தது.