சூறாவளி முன்கணிப்பும் மக்கள் புரிதலும்: நிச்சயமின்மைக் கூம்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அட்லாண்டிக் சூறாவளிகளின் பாதையைக் கணிக்கும் திறன் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும், பாதை பற்றிய துல்லியம் மட்டுமே மக்களைக் காப்பதில்லை. முன்கணிப்பை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வரைபடம் எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூறாவளி, முன்கணிப்பு, நிச்சயமின்மைக் கூம்பு, கடல்நீர்ப் பெருக்கு, எச்சரிக்கை.

முன்னுரை

அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் 2002 முதல் புயலின் பாதையைக் கூம்பு வடிவ வரைபடமாக வெளியிட்டு வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வங்கக்கடல் புயல்களுக்கு இத்தகைய வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. எனவே, அமெரிக்க அனுபவம் தமிழகக் கடற்கரைக்கும் பயன்தரக்கூடியது.

கூம்பு உணர்த்துவது

கூம்பின் அகலம் அந்தந்தப் புயலின் பருமனைக் குறிப்பதன்று. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் வகையில் வட்டங்கள் வரையப்பட்டு, அவை இணைக்கப்பட்டுக் கூம்பு பெறப்படுவதே நெடுங்கால வழக்கம். ஆகவே, புயலின் மையம் கூம்பைவிட்டு விலகிச் செல்ல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மேலும், காற்றும் மழையும் கடல்நீர்ப் பெருக்கும் மையத்திலிருந்து நெடுந்தொலைவு பரவுவன.

இங்கு ஒரு முரண் எழுகிறது. மூன்று நாள் பாதைக் கணிப்பின் சராசரிப் பிழை 1990-களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. பிழை குறையக் குறையக் கூம்பும் ஒடுங்குகிறது. ஆனால் புயலின் ஆபத்துப் பரப்பு ஒடுங்குவதில்லை. ஆகவே, கூம்பிற்கு வெளியே இருப்பதால் தாம் பாதுகாப்பாக இருப்பதாகக் கருதக்கூடியோர் தொகை கூடுகிறது.

இரு சான்றுகள்

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி தம்பா விரிகுடாவை நோக்கிச் செல்லும் என எதிர்பார்க்கப்பட்டது. அது விரைந்து வலுப்பெற்று, முன்னதாகவே திரும்பி, தம்பாவிற்குத் தெற்கே 100 கி.மீ.க்கும் அப்பாலுள்ள புண்டா கோர்டாவைத் தாக்கியது. அப்பகுதி கூம்பிற்குள் அடங்கியிருந்தும், மக்களின் கவனம் நடுக்கோட்டிலேயே நிலைத்திருந்தது. அவ்வாண்டில் புளோரிடாவில் கூம்பு தவறாக வாசிக்கப்பட்டதைக் கென்னத் பிராட் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

2022 செப்டம்பர் 28 அன்று இயான் சூறாவளி அதே கடற்பகுதியில் கரையைக் கடந்தது. தொடக்க நாள்களின் கணிப்பில் லீ மாவட்டம் கூம்பின் விளிம்பையொட்டியே இருந்தது. அங்கு வெளியேற்ற ஆணை 27-ஆம் நாள்தான் பிறப்பிக்கப்பட்டது. கடல்நீர் உயரக்கூடும் என்னும் நிகழ்தகவுக் கணிப்புகளோ அதற்கு முன்பே வெளியாகியிருந்தன. போர்ட் மையர்ஸ் கடற்கரையில் நீர் 3 முதல் 4.5 மீட்டர் வரை உயர்ந்தது. புயலின் நேரடித் தாக்கத்தால் இறந்த 66 பேரில் 41 பேர் கடல்நீர்ப் பெருக்கினால் மாண்டனர்.

எச்சரிக்கையில் நிகழ்ந்த மாற்றங்கள்

1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் சூறாவளிகள் நேரடியாக விளைவித்த இறப்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீரால் நேர்ந்தவை. அவற்றுள்ளும் கடல்நீர்ப் பெருக்கே முதன்மையானது. சூறாவளியின் வகை எண்ணோ காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. 2008-இல் இரண்டாம் வகைப் புயலாகக் கரையைக் கடந்த ஐக், டெக்சாஸ் கடற்கரையில் பேரளவு கடல்நீரைப் புகுத்தியது இதற்குச் சான்று. இக்குறையைக் களையும் பொருட்டு, 2017 முதல் கடல்நீர்ப் பெருக்கிற்கெனத் தனி எச்சரிக்கை முறையாக வழங்கப்படுகிறது. 2024-இல் உள்நாட்டுக் காற்று எச்சரிக்கைகளையும் இணைத்த கூம்பு சோதனை முறையில் வெளியிடப்பட்டது.

முடிவுரை

கூம்பு, மையம் எங்குச் செல்லும் என்னும் வினாவிற்கு விடை தருகிறது. கரையோர மக்கள் வினவுவதோ, தம் வீட்டிற்கு எவ்வளவு நீர் வரும், எப்போது வெளியேற வேண்டும் என்பதாகும். தமிழ்ச் செய்திகளிலும் புயல் கரையைக் கடக்கும் இடமே முதன்மை பெறுகிறது. இடத்தைச் சொல்வதோடு நில்லாமல், ஊர்தோறும் எதிர்பார்க்கப்படும் விளைவைச் சொல்லும்போதே எச்சரிக்கை முழுமை பெறும்.