அசைபோட்டபடியே ஒரு தூக்கம்

குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை படுத்திருப்பது அன்றாடக் காட்சி. முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியதுபோல் வெளுத்திருக்கும் கால்களை மடக்கி, சில்வர் ஓக் மர நிழலில் மலைபோன்ற உடம்பைக் கிடத்தியிருக்கும். கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே இருக்கும். சற்று நேரம் பார்த்தால், கழுத்தின் அடிப்புறத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரியும். விடியற்காலையில் மேய்ந்த புல், இன்னொரு முறை மெல்லப்படுவதற்காக வாய்க்குத் திரும்புகிறது. காது ஈ விரட்டுகிறது. கண்ணோ பாதி மூடிக் கிடக்கிறது. விழித்திருக்கிறதா, தூங்குகிறதா?

இரண்டும்தான். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் புல் நொதித்து வாயு ஓயாமல் உண்டாகும். அதை ஏப்பமாக வெளியேற்ற, உடல் நெஞ்சை ஊன்றி நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்து மணிக்கணக்கில் கிடந்தால் வயிறு ஊதி உயிருக்கே ஆபத்து. அதனால் நம்மைப்போல் அடித்துப்போட்டாற்போலத் தூங்க அவற்றால் முடியாது. வீட்டுப் பசுவின் மூளை அலைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளில் முழுத்தூக்கம் ஏறக்குறைய 4 மணி நேரம். அரைத்தூக்கமோ 7, 8 மணி நேரம். கனவு வரும் தூக்கம் ஒரு மணி நேரம்கூடத் தேறாது, அதுவும் துண்டு துண்டாகத்தான். அந்த நிமிடங்களில் கழுத்துத் தசை தளர்ந்துவிடுவதால், தலையை விலாப்பக்கம் திருப்பிச் சாய்த்துக்கொள்ளும்.

நார்வேயில் ரெய்ண்டீர் மான்களை ஆராய்ந்து 2023 டிசம்பரில் வெளியான முடிவு இன்னும் வியப்பானது. அசைபோடும்போதே அவற்றின் மூளையில் ஆழ்ந்த தூக்கத்தை ஒத்த அலைகள் எழுந்தன. அதிகம் அசைபோட்ட மானுக்கு, பிறகு தூக்கம் குறைவாகவே தேவைப்பட்டது. காட்டெருமையும் அசைபோடும் இனம்தான்; அந்தப் பாதி மூடிய கண்ணை எனக்கு இப்போது வேறு விதமாகப் பார்க்கத் தோன்றுகிறது. ‘சும்மாதானே படுத்திருக்கிறது’ என்று செல்ஃபிக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. அவர்கள் கெடுப்பது அதன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒருசேர.

யானைக்கு வயிறும் பெரிது, மேய்ச்சல் நேரமும் அதிகம். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இரண்டு பெண் யானைகளின் துதிக்கையில் சிறு கருவி பொருத்தி அளந்தார்கள். 2017-இல் வெளிவந்த கணக்கின்படி, அவை நாளொன்றுக்குச் சராசரியாகத் தூங்கியது 2 மணி நேரமே. பெரும்பாலும் நின்றபடி, படுத்தது மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை. 46 மணி நேரம் வரை கண்ணயராமல் நடந்த நாட்களும் உண்டு. நின்றுகொண்டே உறங்குவது முதுமலை யானைகளுக்கும் உள்ள வழக்கம்தான்.

நீலகிரியின் மேற்குச் சரிவில் ஈரக்காடுகளுக்கு இறங்கினால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே தவளைவாயன் என்ற பறவை பகலில் தூங்கி இரவில் பூச்சி பிடிக்கும். ஆணும் பெண்ணும் ஒரே கொடியில் ஒட்டி உட்கார்ந்து, காய்ந்த சருகின் நிறத்திலேயே கரைந்துவிடும். ஆள் நெருங்கினாலும் பறக்காது. அலகை மெல்ல மேலே தூக்கி முறிந்த குச்சியாகிவிடும். சிட்டுக்குருவி அளவே உள்ள தொங்கும் கிளியும் இங்கே உண்டு. பச்சை உடல், சிவந்த பின்முதுகு. இரவானால் வௌவாலைப்போல் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கித்தான் உறங்கும்.

நீலப்பட்டைத் தேனீ படுப்பது இன்னும் விசித்திரம். மாலையில் ஆண் தேனீக்கள் ஒரு காய்ந்த தண்டைத் தேடி வரிசையாக வந்து சேரும். ஒவ்வொன்றும் தண்டைத் தாடையால் கவ்வி, கால்களை மடக்கி, உடலை வெளியே நீட்டிக்கொள்ளும். இரவு முழுக்க அதன் எடையைத் தாங்குவது அந்தக் கடி ஒன்றுதான். பெண் தேனீ மண்ணில் தோண்டிய தன் வளைக்குள் இருக்கும். ஆணுக்கு வளை கிடையாது.